மீட்டரில் 2,03,480

பர்லியாறைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் நடுக்கோட்டை விட்டு மேலே நகர்வதைப் பார்த்தேன். 2023 மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலைச்சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போயிற்று. பின்இருக்கையில் அம்மாவும் என் மகளும். ஏ.சி.யை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழு அளவுக்குத் திருப்பினேன். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் கொஞ்சத்தை அது எடுத்து வெளியே தள்ளிவிடும். முள் நின்றது, ஆனால் இறங்கவில்லை. சற்று அகலமான இடம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். மீட்டரில் 2,03,480.

வண்டி அப்பாவுடையது. 2007 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல். 1298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு. 2010-இல் கே-சீரிஸ் எஞ்சின் வருவதற்கு முன்பு இருந்த பழைய எஞ்சின். 16 ஆண்டுகளில் ஒருநாளும் நடுவழியில் நிறுத்தியதில்லை. அன்றுதான் முதல் முறை.

வீடு திரும்பியதும் சித்தப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். “2 லட்சம் தாண்டிவிட்டது, இனிமேல் செலவுதான், வந்த விலைக்குத் தள்ளிவிடு.” ஒரு தரகர் 70,000 ரூபாய் சொன்னார். 2 லட்சம் என்ற எண்ணுக்கு அப்படி என்ன சக்தி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 1,99,000-இல் நல்ல வண்டி, 2,03,000-இல் கெட்ட வண்டி என்றால் நடுவில் என்ன நடந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் விற்பதில்லை என்று முடிவு செய்தேன்.

 

அப்பாவின் நோட்டுப் புத்தகம்

அப்பாவுக்கு நூல் வியாபாரம். 2007 முதல் 2019 வரை வாரத்தில் மூன்று நாள் கோவையிலிருந்து திருப்பூருக்குப் போய் வருவார். போக 50, வர 50. பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் தேதி, மீட்டர், லிட்டர் மூன்றையும் நீல மையில் ஒரு நீள நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். ஆயில் மாற்றியது, டயர் மாற்றியது எல்லாம் சிவப்பு மையில். மூன்று நோட்டுகள். கழற்றிப் பார்ப்பதற்கு முன்பு இந்த நோட்டுகளோடு ஓர் இரவு உட்கார்ந்தேன்.

2019-இல் அவர் வியாபாரத்தை விட்டபோது மீட்டர் 1,88,000. அதன்பிறகு வண்டி என் கைக்கு வந்தது. மகளைப் பள்ளியில் விட, காய்கறி வாங்க, ரயில் நிலையம் போக. ஒரு பயணம் சராசரியாக 4 கி.மீ. நான்கு ஆண்டுகளில் நான் ஓட்டியது சுமார் 15,000 கி.மீ. மட்டுமே.

ஒரு தாளில் வகுத்துப் பார்த்தேன். அப்பா 1,88,000 கி.மீ. ஓட்டினார், ஒரு பயணம் 50 கி.மீ. என்றால், அவர் எஞ்சினைக் கிளப்பியது சுமார் 3,760 முறை. நான் 15,000 கி.மீ. ஓட்டினேன், ஒரு பயணம் 4 கி.மீ. என்றால், 3,750 முறை. அவர் 12 ஆண்டுகளில் எத்தனை முறை சாவியைத் திருப்பினாரோ அத்தனை முறை நான் 4 ஆண்டுகளில் திருப்பியிருக்கிறேன். அந்த இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் தேய்வது பெரும்பாலும் கிளப்பிய முதல் சில நிமிடங்களில்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். அது மறுபடி மேலேறிப் பேரிங்குகளுக்கு இடையில் படலமாக நிற்கும்வரை உலோகத்தில் உலோகம் உரசும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதைக் கட்டுப்படுத்தும் கணினி பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் ஆயிலில் சேரும். அரைமணி நேரம் ஓடினால் இதெல்லாம் சூட்டில் ஆவியாகிவிடும். 4 கி.மீ. ஓட்டத்தில் ஆவியாகாது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்த படிவு ஒட்டியிருந்ததைச் சில மாதங்களாகவே பார்த்துவந்தேன். என்னவென்று கேட்கவில்லை.

மணிக்கணக்காகப் பார்த்தாலும் இதே கதைதான். 2 லட்சம் கி.மீ. நெடுஞ்சாலையில் சராசரி 60 வேகத்தில் ஓடினால் எஞ்சின் சுற்றியது சுமார் 3,300 மணி நேரம். நகருக்குள் சராசரி 20-இல் ஓடினால் 10,000 மணி நேரம். மீட்டர் இரண்டு வண்டிக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

2,03,560: இல்லாத தெர்மோஸ்டாட்

பீளமேட்டில் ஒருவர் வீட்டோடு பட்டறை வைத்திருக்கிறார். முன்பு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். என் வேலையை நானே செய்கிறேன், பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால் போதும் என்றேன். ஒப்புக்கொண்டார். “முதலில் தண்ணீரைப் பாருங்கள் தம்பி, எஞ்சினைப் பிறகு பார்க்கலாம்” என்றார்.

ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்ததும் செம்மண் குழம்பு போல வந்தது. கூலண்டின், அதாவது துருவைத் தடுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின், நிறமோ வழவழப்போ இல்லை. கடைசியாகக் கூலண்ட் ஊற்றியதற்கான சிவப்பு மை குறிப்பு 2016-இல் இருந்தது. வண்டி என் கைக்கு வந்த பிறகு குறையக் குறைய வெறும் தண்ணீர்தான். குற்றம் என்னுடையது. எங்கள் வீட்டுக் குழாயில் வருவது சிறுவாணித் தண்ணீர், குடிக்க அதைப்போல் இன்னொன்று இல்லை, ரேடியேட்டருக்கும் அது போதும் என்று நம்பிவிட்டேன். எந்தத் தண்ணீராக இருந்தாலும் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. அதற்கு மேல் பள்ளி வாசலில் இரண்டு முறை ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஊற்றியிருக்கிறேன்.

அடுத்து, சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டைக் கழற்றினேன். இரண்டு போல்ட்டுகள். ஒன்று துருவில் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பி, பிறகு கழற்றும் பக்கம் திருப்பியபோது அசைந்தது. மூடியைத் தூக்கினேன். உள்ளே வெறுமையாக இருந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய வளையத்தில் துருப்பொடி மட்டும் படிந்திருந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. “யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்” என்றார். 2020-இல் ஒரு பட்டறையில் ஏ.சி. வேலைக்கு விட்டபோது, “நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை” என்று சொல்லி ஏதோ கழற்றினார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இந்த நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே நிலையாக வைத்திருக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே ஓடிக்கொண்டிருக்கும். நான் ஓட்டிய 4 கி.மீ.க்குள் எஞ்சின் ஒருநாளும் தன் சூட்டை அடைந்திருக்காது. கணினி எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கும். நோட்டில் சான்றும் இருக்கிறது: 2019-இல் லிட்டருக்கு 14 கி.மீ., 2022-இல் 11.2. அதை நகர நெரிசல் என்று நினைத்திருந்தேன்.

தெர்மோஸ்டாட்டே இல்லாத வண்டி மலையில் ஏன் சூடானது? எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, மின்விசிறியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் மீது உள்ளங்கையை மேலிருந்து கீழாக நகர்த்திப் பார்த்தேன். மேல் பகுதி கை வைக்க முடியாத சூடு. கீழே மூன்றில் ஒரு பங்கு இளஞ்சூடுகூட இல்லை. அங்கிருந்த குழாய்கள் துருவாலும் உப்பாலும் அடைத்துப்போயிருந்தன. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். இது அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும் சேர்ந்தது, மாற்றத்தான் வேண்டும். மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. நல்ல மூடி சதுர செ.மீ.க்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 118, 119 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் நிற்காத மூடியோடு மலையேறினால் 100-க்கும் கீழேயே கொதித்துவிடும்.

புதிய ரேடியேட்டர், மூடி, இரண்டு ஹோஸ், தெர்மோஸ்டாட். பொருத்துவதற்கு முன்பு தெர்மோஸ்டாட்டைச் சமையலறையில் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. வெப்பமானியில் 80 வரை அசைவில்லை; 83-இல் நடுத்தட்டு கண்ணிமை திறப்பது போல மெதுவாகக் கீழிறங்கியது. மகள் அதை மூன்று முறை செய்துகாட்டச் சொன்னாள். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, காற்றுக் குமிழ்கள் தீரும்வரை ஓடவிட்டேன்.

2,03,700: நான்கு சிலிண்டர்கள்

அதிகமாகச் சூடான எஞ்சினில் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர்களுக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு, போயிருக்குமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அழுத்தச் சோதனை அதற்குத்தான். சூடான எஞ்சின், முழு மின்னேற்றம் உள்ள பேட்டரி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் வெளியே, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸ் கையில், இக்னிஷன் காயில் இணைப்புகள் கழற்றியாயிற்று. அண்ணன் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற, நான் அளவியை ஒவ்வொரு துளையிலும் பிடித்தேன்.

12.8. 12.6. 12.9. 11.9.

புதிதாக இருக்கும்போது 14 கிலோ அளவில் இருக்க வேண்டியது. ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்கு மேல் வேறுபடக் கூடாது. நான்காவது சிலிண்டர் அந்த எல்லையில் நின்றது. அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளந்தேன்: 12.7. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாக; ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கும். என்னுடையது ரிங் தேய்மானம், அதுவும் லேசானது. 2 லட்சம் கி.மீ. ஓடிய, நான்கு ஆண்டுகள் நான் குளிரவைத்தே ஓட்டிய எஞ்சின் இது. தரகர் சொன்ன “எஞ்சின் இறக்க வேண்டிவரும்” என்ற வார்த்தைக்கு இந்த நான்கு எண்களில் ஆதாரம் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாவிடம் போனில் எண்களைப் படித்தேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

2,05,100: நீலப்புகையும் ஒரு கயிறும்

ஆனால் ஆயில் குறைந்துகொண்டிருந்தது. 1,000 கி.மீ.க்கு ஏறக்குறைய 300 மி.லி. ஆகஸ்டில் சோதனைக்காக மறுபடி குன்னூர் ஏறினோம். முள் நடுக்கோட்டை விட்டு அசையவே இல்லை. இறங்கும்போது கீழ் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே வந்தேன். கல்லாறு தாண்டிச் சமவெளியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்கண்ணாடியில் நீலமாக ஒரு மேகம். அதோடு நின்றுவிட்டது.

அந்த ஒரு மேகம் பெரிய துப்பு. ரிங் பழுதாக இருந்தால் மேடேறும்போதும் புகைக்கும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு வரும்போது உள்ளே வெற்றிடம் அதிகமாகி, வால்வுத் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சும். பிறகு மிதித்ததும் அது எரியும். அப்படியானால் கெட்டது வால்வு சீல்கள். ஒரு துண்டு ரப்பர், தும்பைப்பூ அளவு, மொத்தம் 16.

இதற்காக ஹெட்டைக் கழற்ற வேண்டாம் என்றார் அண்ணன். கயிறு போதும். எனக்கு இது புதிது. மேலே இருப்பவற்றைப் பிரித்த பிறகு, முதல் சிலிண்டரின் பிளக் துளை வழியாக மூன்று முழம் பருத்திக் கயிற்றைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டோம், நுனி மட்டும் வெளியே. பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பானரை வைத்துக் கையால் மெல்லத் திருப்பினால், பிஸ்டன் மேலேறிக் கயிற்றுச் சுருளை வால்வுகளோடு சேர்த்து அமுக்கும். ஓரிடத்தில் கை நிற்கும். இப்போது வால்வைப் பிடித்திருக்கும் லாக்குகளை எடுத்தாலும் வால்வு சிலிண்டருக்குள் விழாது; கயிற்று மெத்தையில் அமர்ந்திருக்கும்.

லாக் என்பது அரைப்பிறை வடிவில், பச்சரிசியைவிடச் சற்றுப் பெரியது. ஒரு வால்வுக்கு இரண்டு, மொத்தம் 32. ஒன்று உள்ளே விழுந்தால் அன்றைய நாள் போயிற்று. ஆயில் வடியும் துளைகளையெல்லாம் துணியால் அடைத்துவிட்டு, காந்த முனையால் ஒவ்வொன்றாக எடுத்து முட்டை அடுக்கும் அட்டையில் வரிசையாக வைத்தேன். பழைய சீலை இடுக்கியால் இழுத்தபோது ரப்பர் போல வரவில்லை, பிளாஸ்டிக் மூடி கழன்று வருவது போல டக்கென்று வந்தது. நகத்தால் அழுத்தினேன்; பள்ளம் விழவில்லை. புதியதை அழுத்தினேன், காது மடல் போல வளைந்தது. 16 ஆண்டுச் சூடு செய்த வேலை அது. வண்டி 50,000 கி.மீ. ஓடியிருந்தாலும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருந்திருக்கும்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை நான்கரைக்கு முடித்தோம். அதே வேலையோடு, வால்வுகளை எஞ்சின் சுற்றோடு சேர்த்து இயக்கும் டைமிங் பெல்ட்டும் மாற்றினேன். சிவப்பு மை சொன்னபடி கடைசியாக மாற்றியது 98,600-இல், 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஏற்கெனவே தவணை கடந்திருந்தது, அதன் பற்களின் அடியில் மெல்லிய வெடிப்புகள். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர், கிராங்க் ஆயில் சீல் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். தனித்தனியாகச் செய்தால் ஒரே கூலியை மூன்று முறை கொடுப்போம்.

ஆயில் இப்போது 5,000 கி.மீ.க்கு 200 மி.லி. கூடக் குறைவதில்லை.

மற்ற ரப்பர்கள்

லோயர் ஆர்ம் புஷ்கள், எஞ்சின் மவுன்டிங் ஒன்று, முன் ஷாக் அப்சார்பர் இரண்டும், ஒரு டை ராடு எண்ட், வலப்பக்க டிரைவ் ஷாஃப்ட் பூட். அந்த மழைக்காலத்துக்குள் ஒவ்வொன்றாக மாற்றினேன். எல்லாம் சேர்ந்து, எஞ்சின் வேலையும் ரேடியேட்டரும் உட்பட, 46,000 ரூபாய் ஆயிற்று. சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் ரப்பர் உறையான டிரைவ் ஷாஃப்ட் பூட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்டால் அந்த வாரமே மாற்றுங்கள். ரப்பர் உறை மலிவு. அதற்குள் மணல் போய் ஜாயின்ட் தேய்ந்தால் செலவு பல மடங்கு.

அப்படியானால் எத்தனை கிலோமீட்டர்?

கிரீஸில் ஒரு டாக்சி ஓட்டுநரின் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி 46 லட்சம் கி.மீ. ஓடி, 2004-இல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்பவர் 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரை 2013-இல் 30 லட்சம் மைல் தாண்டச் செய்தார். அது 48 லட்சம் கி.மீ. இவற்றைச் சொல்பவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மெர்சிடிஸில் எஞ்சின்கள் பலமுறை மாற்றப்பட்டன, வால்வோவின் எஞ்சினும் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டதுதான். இரண்டுமே ஓய்வில்லாமல் நீண்ட தூரம் ஓடிய வண்டிகள் என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊர் பெட்ரோல் கார்களைப் பற்றி என் கணிப்பு இது. முறையாக ஆயில் மாற்றிய நல்ல வண்டியில் 1 லட்சம் வரை பெல்ட், பிளக், டயர், பிரேக் தவிர ஒன்றும் இருக்காது. 1.5 லட்சத்திலிருந்து 2 லட்சத்துக்குள், அல்லது 10 ஆண்டு கடந்ததும், ரப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்தக் கட்டத்தில்தான் பலர் வண்டியை விற்கிறார்கள். பழுதுகள் கூட்டமாக வருவதால் வண்டியே முடிந்துவிட்டது போலத் தோன்றும். அந்தச் சுற்றை ஒருமுறை செய்துமுடித்தால் இன்னொரு 1 லட்சம் கி.மீ. கிடைக்கும். எஞ்சின் தானாகத் தேய்ந்து சாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு ஹோஸ் வெடித்து, அதைக் கவனிக்காமல் இன்னும் 3 கி.மீ. ஓட்டி, அதனால் சாவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டரைத் திருப்பிவைப்பது கடினமான வேலை இல்லை. பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம், ஸ்டியரிங்கின் பளபளப்பு மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். செம்மண் ஒட்டினால் என் கதைதான் அந்த வண்டிக்கும். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் ஒருவரின் 2 லட்சம் கி.மீ. வண்டி கிடைத்தால், தயங்காமல் வாங்குவேன்.

2,31,900

இப்போது பள்ளிக்கு ஸ்கூட்டரில் போகிறோம். கார் வாரத்தில் இரண்டு முறை மட்டும் வெளியே வருகிறது, வந்தால் 30 கி.மீ.க்குக் குறையாமல் ஓடுகிறது. அவினாசி சாலையில், அப்பா போன அதே வழியில். ஆயில் 5,000 கி.மீ.க்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லிட்டருக்கு 13.8 கொடுக்கிறது. சென்ற மாதம் மறுபடி அழுத்தம் அளந்தேன்: 12.7, 12.6, 12.8, 11.9.

60-ஐத் தாண்டினால் இடப்பக்கப் பின்சக்கரத்திலிருந்து ஒரு ரீங்காரம் வருகிறது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றி, ஸ்பிரிங் சுருளின் மீது விரல் வைத்துப் பார்த்தேன். மணல் அரைபடுவது போன்ற அதிர்வு. பேரிங். வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறையில் பிரஸ் காலியாக இருக்குமாம். நான்காவது நோட்டில் தேதியும் மீட்டரும் எழுதி, சிவப்பு மைக்கு இடம் விட்டிருக்கிறார் அப்பா.